மேல் ஒரு அங்குலம்

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் சாலை புக்கிட் தங்காவில் வளைந்து வளைந்து ஏறும். அந்தப் பக்கம் இறங்கியதும் காற்றே வேறாகிவிடும். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியருக்கு அன்று அங்கே வேலை எதுவும் இல்லை. மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை உலா கிளம்பினார்கள். அவரும் பேத்தியோடு பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். வழியில் பேத்தி ரம்புத்தான் கேட்டாள். பழக்கடையை ஒட்டி ஒரு நாற்றுக்கடை இருந்தது. கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து, கறுத்த பொலபொலப்பான மண்ணைத் தொட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்.

சுட்ட மண். கரியும் புகையும் காய்ந்த வேரும் கலந்த அந்த வாசனை ஏறியதும் ஆசிரியருக்கு ரம்புத்தான் மறந்துபோயிற்று. கேட்காமலே மூட்டைக்குள் கையை விட்டார். ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, கட்டை விரலால் ஒரு குத்து விட்டார். உருண்டை உடைந்து விரலிடுக்கில் வழிந்தது.

"தாத்தா, கை அழுக்கு!" என்றாள் பேத்தி.

மண்ணை அப்படிக் குத்திப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அம்மாயி.

ஆசிரியர் பிறந்த ரப்பர் தோட்டம் அந்த நாற்றுக்கடை இருந்த ஊரை ஒட்டித்தான் இருந்தது. ஜெலுபு மாவட்டத்தின் அமைப்பே தனி. சுற்றிலும் மலை, பள்ளத்தில் மலாய்க்காரர்களின் நெல்வயல், தித்தி பக்கம் சீனர்கள் தோண்டிய ஈய லம்பங்கள், மலைச்சரிவில் நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர். மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் தீபகற்பத்தில் மழை குறைந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. குறைவு என்பது மலேசியக் கணக்கில்தான். பெய்கிற அன்று ஒரு மணி நேரத்தில் வாய்க்கால் ரோட்டுக்கு வந்துவிடும். மறுநாள் வெயில் வந்தால் தொழிலாளர் லயத்து வாசல் மண் சிமெண்ட் போட்ட தரைபோல இறுகிக் கிடக்கும். பையன்கள் அதில் கோலி விளையாடுவார்கள். அம்மாயிக்கு அந்தத் தரைதான் முதல் எதிரி.

லயத்துக்குப் பின்னால் கோழிக்கூண்டு, அதற்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, அதற்கும் பின்னால் சரிவில் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம். இந்தத் துண்டு நிலம் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. மலாயாவில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதற்கு ஒரு விதியே இருந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கை நிர்வாகம் ஒதுக்க வேண்டும். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். எந்த ஆறேகால் சென்ட் என்று சட்டம் சொல்லவில்லை. நல்ல மண்ணில் ரப்பர் நின்றது. ரப்பர் நடத் தோதில்லாத மேடும் களியும் ஜனங்களுக்கு வந்தது. இதில் துரைமாரைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் மண் பார்க்கவா கப்பலேறி வந்தார்கள்?

அம்மாயி சேலத்துப் பக்கத்துப் பெண். கங்காணி ஆள் கட்டிய காலத்தில், பாவாடை கட்டிய வயதில், அப்பா அம்மாவோடு வந்தவர். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்பே வந்து, கல்யாணமும் ஆகி, இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். தாத்தாவைச் சயாம் ரயில் பாதைக்குக் கூட்டிப் போனார்கள். தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள், தாத்தாவும் திரும்பவில்லை. அரிசி இல்லாத அந்த மூன்றரை வருஷமும் லயத்துக்குப் பின்னால் மரவள்ளிதான். வெட்டி எடுத்த இடத்திலேயே குச்சியை மறுபடி ஊன்றி, எருவும் போடாமல், கிழங்கைப் பிடுங்கிப் பிடுங்கி மண்ணின் சாரமே போய்விட்டது. சண்டை முடிந்து அம்மாயி அதில் வெண்டை விதைத்தபோது ஒன்றும் மேலே வரவில்லையாம்.

"வெத சொத்தைன்னு நெனச்சேன். தோண்டிப் பாத்தா எல்லாம் மொளச்சித்தான் கெடக்கு. மேல வர வழியில்ல, கழுத்து முறிஞ்சி கெடக்கு" என்பார்.

இதை ஆசிரியரும் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறார். தேய்ந்துபோன பால்வெட்டுக் கத்தியின் நுனியால் பாத்தியின் மேல் ஓட்டை அம்மாயி மெதுவாக நெம்புவார். விரல் தடிமன்கூட இல்லாத ஓடு, தட்டையாகப் பெயர்ந்து வரும். அதன் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். கீழே வெளிச்சம் காணாத வெள்ளைத் தண்டு கொக்கி போல வளைந்து, இரண்டு பருப்பையும் முதுகில் சுமந்துகொண்டு முட்டிக்கொண்டிருக்கும். சிலது முட்டி முட்டிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். சிலது ஒடிந்திருக்கும். ஓட்டை எடுத்த இடத்தில் மாலைக்குள் கொக்கி நிமிர்ந்து பச்சை ஏறிவிடும்.

பயற்றங்காயும் வெண்டையும் பூசணியும் இப்படித்தான். பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணைக் கிழித்து வரவேண்டும். மக்காச்சோளத்துக்கு அந்தத் தொல்லை கம்மி. அது பருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, உறைக்குள் சுருட்டிய ஒற்றை முனையை மட்டும் ஊசியாக மேலே அனுப்பும். அம்மாயிக்கு இதன் தாவர நூல் தெரியாது. ஆனால் புதிதாகக் கொத்திய முரட்டு நிலத்தில் முதலில் சோளம்தான் போடுவார். பயறு போட்டால் ஒரு குழிக்கு மூன்று விதை. ஒன்று தூக்க முடியாத ஓட்டை மூன்று சேர்ந்து தூக்கும். முளைத்தபின் இரண்டைக் கிள்ளிவிடுவார். கிள்ளியதும் வீணாகாது, மதியத்துக் குழம்பில் இருக்கும்.

களிமண் ஏன் இப்படி ஓடு கட்டுகிறது என்பது ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. களித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. நல்ல மண்ணில் இந்தத் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மக்கும் இலைதழையின் பசையும் பூஞ்சை இழையும் வேரின் கசிவும் அவற்றைச் சேர்த்துக் குறுணை குறுணையாகத் திரட்டி வைத்திருக்கும். குறுணைக்கும் குறுணைக்கும் இடையே உள்ள சந்தில்தான் காற்று, தண்ணீர், முளை எல்லாம் போகும். பசை தீர்ந்த குறுணை மழையைத் தாங்காது. கனமழையின் பெரிய துளி ஐந்து மில்லிமீட்டர் பருமன் இருக்கும். நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து மோதும். குறுணை சிதறி, நுண்துகள் சந்துகளை அடைத்து, வெயிலில் காய்ந்து ஓடாகிறது. ஜெலுபுவின் சரிவுகளில் இருப்பது கிரானைட்டும் களிப்பாறையும் நெடுங்காலம் சிதைந்து உண்டான மஞ்சளும் சிவப்புமான மண். அதன் களி பெரும்பாலும் கயோலினைட். கூடவே இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். கோவில்பட்டிக் கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, மழைக்கு விரிந்து, தானே தன்னைக் கிளறிக்கொள்ளும். கயோலினைட்டுக்கு அந்த வித்தை தெரியாது. இறுகினால் இறுகியதுதான்.

சேலத்துச் செம்மண்ணிலும் இதே தொல்லை உண்டு. அம்மாயியின் அப்பா அங்கே கொழுஞ்சியும் ஆவாரமும் வெட்டிப் போட்டு மிதித்தவர். ஆட்டுக்கிடை போட்டவர். ஜெலுபுவில் கொழுஞ்சி ஏது, கிடை ஏது? லாலான் புல் இருந்தது. மாட்டுச் சாணம் இருந்தது. ரப்பர் ரொட்டியைப் புகை போடும் கூடத்திலிருந்து சாம்பல் கிடைத்தது. போதும் என்று அம்மாயி இறங்கிவிட்டார்.

முதல் கட்டளை: பாத்தியை மிதிக்கக் கூடாது. உடைந்த பால் மங்குகளைக் கவிழ்த்து ஓரம் கட்டியிருப்பார். பாத்தி அகலம் இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும் அளவுக்குத்தான். பந்து உள்ளே விழுந்தால் எடுக்கப் போகிற பையன் மீது மங்கு பறக்கும். "ஒரு மிதி மிதிச்சா ஒரு வருசம் போச்சுடா!" ஒரு வருசம் என்பது மிகை. ஈரக் களியில் ஒரு கால் அழுந்தினால் சந்துகள் மூடிக்கொள்வது மிகையில்லை. இன்று டிராக்டர் ஓட்டும் நாடுகளில் சக்கரத் தடத்தை நிரந்தரமாக ஒரே கோட்டில் வைத்து, மற்ற இடத்தை மிதிபடாமல் காக்கும் முறையே வந்துவிட்டது. அம்மாயியிடம் அதற்கு மங்கு இருந்தது.

அடுத்தது பதம். மழை விட்டதும் சங்குல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்து அம்மாயி சிரிப்பார். ஒரு பிடி மண்ணை இறுக்கி, கட்டை விரலால் குத்துவார். விரல் பதிந்து பள்ளம் விழுந்தால் "இன்னிக்கு இல்ல". உருண்டை உடைந்தால் கொத்தலாம். இறுக்கவே முடியாமல் தூளாய்ப் போனால் தண்ணீர் தெளித்துவிட்டு மறுநாள். பதம் தவறிக் கொத்திய களி செங்கல்லுக்குப் பிசைந்த சேறாகி, காய்ந்ததும் கட்டியாகிவிடும். பிறகு கட்டியை உடைக்கத் தனிக் கூலி.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு பக்குவம். கெட்டிப்பால் டின்னின் அடியில் சின்ன ஆணியால் நெருக்கமாகத் துளை போட்டு, அதில்தான் கீரைப்பாத்திக்குத் தண்ணீர். வாளியோடு கவிழ்த்தால் பாதி விதை ஓரத்துக்கு அடித்துப் போகும், மீதி ஓட்டுக்கடியில் போகும். ஆணி பெரிதானால் டின்னைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு டின் கேட்பார். கிராணி வீட்டில்தான் கெட்டிப்பால் டின் அதிகம் சேரும். அந்தக் காலி டின்னுக்காகக் கிராணியம்மாவுக்கு ஒரு கட்டுத் தண்டுக்கீரை போகும். தண்டுக்கீரை விதை கடுகிலும் சின்னது. அதற்கு மேல் ஒரு நெல் கனத்துக்கு மேல் மண் இருந்தால் தாங்காது. புகைக்கூடத்துச் சாம்பலையும் ஆற்று மணலையும் விதையோடு கலந்து தூவி, மேலே காய்ந்த லாலானைப் பரப்புவார். மழைத்துளி முதலில் லாலான் மேல் விழும். முளை கண்டதும் சாயங்காலம் பார்த்து லாலானை எடுத்துவிடுவார். காலையில் எடுத்தால் வெயிலில் பிஞ்சு கருகும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று நூலாய் நீண்டு சாய்ந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தைவிட இந்தக் கணக்கு முதலில் தெரியும்.

நெல் அறுப்பு முடிந்தால் மலாய்க் கம்பத்து ஆலையில் உமி மலையாய்க் குவியும். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ உமி. ஆலைக்காரருக்கு அது தலைவலி. அம்மாயி மோர்ப்பானையோடு போவார், கோணிப்பை நிறைய உமியோடு வருவார். அந்தக் கம்பத்து மலாய்க்கார அம்மாவும் அம்மாயியும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பது ஆசிரியருக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம். உமியைச் சாம்பலாக்காமல் கருக்க மட்டும் வேண்டும். நடுவில் துளையிட்ட தகரக் குழாயை நட்டு, அடியில் நெருப்பு வைத்து, சுற்றிலும் உமியைக் குவிப்பார். கறுப்பு வெளியே பரவி வரும்போது கிளறி, வெளுக்கத் தொடங்குமுன் தண்ணீர் அடித்து அணைத்துவிடுவார். கருகிய உமி களிக்குள் போனால் அந்தச் சந்து பல காலம் மூடாது. பச்சை உமியும் வைக்கோலும் அப்படியில்லை. மக்கி முடித்தால் தீர்ந்தது, மறுபடி போட வேண்டும். அம்மாயி இரண்டையும் போட்டார்.

இனி சுட்ட மண். தித்திக்குப் போகிற வழியில் ஒரு சீனர் காய்கறி பயிரிட்டார். ஊரே அவரைத் தௌக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிட்டது. ஆனால் அவரும் மனைவியும்தான் இரட்டை வாளிக் காவடி தூக்கினார்கள். கொத்திய களிக்கட்டிகளை வெயிலில் காயப்போட்டு, காய்ந்த கொப்பும் வேரும் லாலானும் அடுக்கி, அதன் மேல் கட்டிகளைக் குவித்து மூடி, அடியில் தீ வைத்துவிடுவார். சுவாலை வரக் கூடாது. நாள்கணக்கில் புகை மட்டும் கசிந்துகொண்டிருக்கும். ஆறியதும் தட்டினால் கட்டி பொருபொருவென்று உதிரும். அதில் கோழி எருவைக் கலந்து சாவிக் கீரை நாற்று விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் அந்தப் புகையில் மரவள்ளிக்கிழங்கைச் செருகிவிட்டுப் போய், மறுநாள் தோண்டித் தின்ற கதைகள் தனி.

ஐந்நூறு டிகிரியைத் தாண்டிச் சுட்டால் கயோலினைட் தன் கட்டமைப்பிலுள்ள நீரை இழந்து, மறுபடி குழையாத பொருளாகிவிடுகிறது. குயவர் சூளையில் நடப்பதும் அதுதான். களி மணலாகிறது என்றே சொல்லலாம். களை விதையும் நாற்றழுகல் பூஞ்சையும் சேர்ந்து சாகும். ஆனால் மண்ணின் தழைச்சத்தும் மக்கும் புகையோடு போய்விடும். அதனால் தௌக்கே கோழி எருவைக் கலந்தார். அம்மாயி நாற்றுத் தொட்டிக்கு மட்டும் அவரிடம் இரண்டு வாளி சுட்ட மண் வாங்குவார். தன் நிலத்து மண்ணைச் சுட ஒப்புக்கொண்டதில்லை. "இம்புட்டு நாளா சாணியப் போட்டு வளத்த மண்ணு. அடுப்புல வெக்கிறதுக்கா?"

தோட்டத்திலும் இதே பாடம் வேறு வேஷத்தில் நடந்தது. ஆசிரியரின் அப்பா நாற்றங்காலில் வேலை பார்த்தவர். ரப்பர் கொட்டை வெடித்துச் சிதறும் பருவத்தில் பொறுக்கிய விதை சீக்கிரமே உயிர் போய்விடும். இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டாக வேண்டும். அதைக் களியில் யாரும் போடமாட்டார்கள். மணல் மேடை கட்டி, கொட்டையின் தட்டைப் பக்கம் கீழே இருக்க நெருக்கமாக அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி, வேர் எட்டிப் பார்த்ததும் பிடுங்கி நாற்றங்காலுக்கு மாற்றுவார்கள். பிறகு கறுப்பு பிளாஸ்டிக் பை வந்தது. பைக்கு மண் வேண்டும். எந்த மண்ணும் ஆகாது. மூடுபயிர் படர்ந்த இடத்து மேல் மண்தான் வேண்டும் என்று தோட்டக் கண்டக்டர் நிற்பார்.

அந்த மூடுபயிருக்கு ஒரு கதை உண்டு. ரப்பர் வந்த புதிதில், மரத்தடியில் ஒரு புல் இருக்கக் கூடாது என்பது துரைமாரின் சட்டம். தரை துடைத்து வைத்த மாதிரி இருந்தால்தான் நல்ல தோட்டம். பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் புல் வெட்டினார்கள். மழை அந்த வெற்றுத் தரையை ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. மேல் மண் போய் அடிக்களி தெரிந்த பிறகுதான் கண் திறந்தது. 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்டக்காரர்களும் புவராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் அவரைக் குடும்பக் கொடிகளைப் பரப்பலானார்கள். அதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தவற்றில் நம் கொழுஞ்சியின் உறவுச்செடியான டெஃப்ரோசியாவும் இருந்தது. அம்மாயியின் அப்பா சேலத்தில் மிதித்த செடியின் உறவு, ஆங்கிலக் குறிப்பேட்டில் ஏறி, கடல் தாண்டி வந்திருந்தது. ஆனால் அவரை யார் கேட்டார்கள்?

ஆசிரியராகி வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனபின் அவர் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுவார். இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். ஒன்றில் பள்ளித் திடலின் காய்ந்த மண்கட்டி, இன்னொன்றில் செம்பருத்தி வேலியடியில் எடுத்த கட்டி. திடல் கட்டி தண்ணீரில் விழுந்ததும் குமிழி விட்டுக் கரைந்து சேறாகிவிடும். வேலியடிக் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். "சார், அதுல என்னா போட்டீங்க?" என்று பிள்ளைகள் கேட்கும். உதிர்ந்த இலையைப் பெருக்காமல் விட்டதைத் தவிர ஒன்றும் போடவில்லை.

ஒருமுறை மாணவர்களைப் பாசோ காட்டுக்கும் கூட்டிப் போனார். சிம்பாங் பெர்த்தாங்கைத் தாண்டி, அதே ஜெலுபு மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1980களில் அங்கே ஐம்பது ஹெக்டேரை அளந்து, அதிலுள்ள மரங்களுக்கெல்லாம் எண் கட்டிக் கணக்கெடுத்தார்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட மர இனங்கள். இத்தனை மரத்தையும் தாங்கும் மண் எவ்வளவு வளமானதோ என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஆசிரியர் கால் நுனியால் சருகை விலக்கிக் காட்டினார். கறுப்பாக இருந்தது மேலே ஒரு மெல்லிய படலம்தான். அதற்குக் கீழே அம்மாயி சண்டை போட்ட அதே மஞ்சள் களி.

மண்புழு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று எல்லோரும் அதைச் சர்வரோக நிவாரணியாக விற்கிறார்கள். நம் ரப்பர் தோப்புகளில் மிகுதியாகக் காணப்படும் பொன்டோஸ்கோலெக்ஸ் என்னும் புழு, ரப்பரைப் போலவே தென்னமெரிக்காவிலிருந்து வந்த குடியேறி. பிரேசிலில் காட்டை அழித்த மேய்ச்சல் நிலங்களில் மற்ற மண்ணுயிர்கள் போய் இது மட்டும் மிஞ்சியபோது, அதன் ஈரக் கழிவே தரையை அடைத்து இறுக்கியிருக்கிறது. வேரும் சருகும் மற்றப் பூச்சிகளும் இருந்தால்தான் புழுவும் உழவன்.

தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நடப்போவதாகச் செய்தி வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாட்டில் எத்தனையோ தோட்டங்களில் நடந்தது இங்கேயும் நடந்தது. விரிவாகச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. லாரி வந்த அன்று அம்மிக்கல், சாமிப் படம், கட்டில், மிஷின் எல்லாம் ஏறின. மாட்டை முன்பே விற்றாகிவிட்டது. அம்மாயி கோணிப்பையை விரித்துவைத்துக்கொண்டு பாத்தியோரம் நின்றார்.

"அத்தை, மண்ணையெல்லாம் எங்க கொண்டுபோய் வெக்கிறது? மாடி வீடு!" என்றார் அப்பா.

"ரெண்டு சாக்குதான்."

லாரிக்காரர் அவசரப்படுத்தினார். ஒரு சாக்கு ஏறியது. இறக்கிய இடத்தில் மூன்றாவது மாடியின் நடையில் அந்தச் சாக்கு வெகுநாள் கிடந்தது. அதில் கருவேப்பிலை நின்றது. ஜப்பான் காலத்துக்குப் பிறகு சாணமும் உமிக்கரியும் போட்டு, மங்கு வரம்புக்குள் மிதிபடாமல் வளர்ந்த மீதி மண்ணின் மேல் புல்டோசர் ஏறியது. சட்டம் ஆறேகால் சென்ட் நிலத்தைத்தான் ஒதுக்கச் சொன்னது. அதில் சேர்ந்த மண்ணுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரி இல்லை. வேலை போனவர்களுக்கான நஷ்டஈட்டிலும் அது வரவில்லை. வருஷக் கணக்கில் உழைத்துச் சேர்த்த சொத்து என்றால் அதுதான் என்று ஆசிரியர் இப்போதும் சண்டைக்கு நிற்பார். கேட்கிறவர்கள் கையெழுத்து, பட்டா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது அவர் இருப்பது சிரம்பானில் ஒரு தாமான் குடியிருப்பின் வரிசை வீட்டில். வீடு கட்டிய ஒப்பந்தக்காரர் குன்றைச் சீவி, மேல் மண்ணை எங்கோ விற்று, அடிக்களியைப் பரப்பி, ரோலர் ஓட்டி, மேலே ஒரு விரற்கடைக்குப் புல் பதித்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லாரி மணல் போடச் சொன்னார். அது பலரும் சொல்லும் யோசனை, பலரும் ஏமாறும் யோசனை. களிக்குள் கொஞ்சம் மணல் போட்டால் களி அந்த மணலையும் சேர்த்துப் பிடித்து முன்னைவிட இறுகும். மண்ணின் குணமே மாற வேண்டுமானால் களியைவிட மணல் அதிகமாக வேண்டும். அதற்கு வீட்டை விற்க வேண்டும். இன்னொருவர் ஜிப்சம் என்றார். ஜிப்சம் நல்ல மருந்துதான், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு. திருச்சிப் பக்கத்துக் களரில் அது பிழைக்க வைத்த வயல்கள் உண்டு. ஜெலுபு, சிரம்பான் களியின் நோய் உப்பல்ல, புளிப்பு. கார அமில அளவு ஐந்துக்கும் கீழே கிடக்கும். இங்கே விவசாயிகள் போடுவது மெக்னீசியச் சுண்ணாம்புத் தூள்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையை மருமகள் கைப்பேசியில் தேடிக் காட்டினாள். மேல்பரப்பு இறுகும் செம்மண்ணுக்கு, சுண்ணாம்போடு ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரமோ 12.5 டன் மக்கிய தென்னைநார்க் கழிவோ இடச் சொல்கிறது. அம்மாயி சொன்னதற்கு டன் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார் ஆசிரியர். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. கூடைக் கணக்கில் இரண்டு பாத்திக்கு எவ்வளவு என்று மளிகைக் காகிதத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டியும் வைத்தார். தென்னைநாருக்குப் பதில் அவர் வாங்குவது செம்பனைக் காலிக் குலையின் மக்கு. ஆலைக்குப் போகும் பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வெறுங்குலைதான். மக்க வைத்தால் களிக்கு இதமானது. அம்மாயியின் பாத்தியை விழுங்கிய பயிரே இப்போது பேத்தியின் வெண்டைக்கு எரு கொடுக்கிறது. இதைச் சொல்லி அவர் சிரிக்கும்போது மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. மூட்டையின் நாற்றம் சமையலறை வரைக்கும் வருகிறது.

சுட்ட மண் ஒரு மூட்டை, ரம்புத்தான் ஒரு கட்டு, இரண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறின. நாற்றுத் தட்டுக்கு மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கு, ஒரு பங்கு மணல்; இது மலேசியாவில் நாற்று விடுகிற எல்லோரும் அறிந்த அளவு. அந்த மூன்று பங்கில் ஒன்றுக்கு மட்டும் சுட்ட மண்ணைச் சேர்த்துக்கொண்டார். பேத்திக்குக் கெட்டிப்பால் டின்னில் துளை போட்டுக் கொடுக்கத் தேடினால் வீட்டில் ஆணி இல்லை, டின்னும் இல்லை. எல்லாம் பெட்டிப் பால். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூவாளியின் துளை அவருக்குப் பிடிக்கவில்லை. மெழுகுவர்த்தியை உருக்கிப் பாதித் துளையை அடைத்திருக்கிறார்.

போன வாரம் மகன் ஒரு பேச்சை எடுத்தான். இரண்டாவது கார் வாங்கப் போகிறார்களாம். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்டுக் கூரை இறக்கினால் இரண்டும் நிற்கும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடும் கிழித்துவிட்டான். கோடு பயற்றம்பாத்தியை நடுவில் வெட்டியது.

"பாதிய எடுத்துக்கிறேம்பா. மீதி ஒங்களுக்கு."

"நீ போட்ட கோட்டுல ஏன் ஒரு அடி இப்படிப் பெருத்திருக்கு?"

"கார்க் கதவு திறக்கணும்ல?"

"கதவு அந்தப் பக்கம் திறக்கட்டும். இல்ல, சின்னக் காராப் பாரு."

மகன் அலுத்துக்கொண்டு உள்ளே போனதும் ஆசிரியர் அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, ஒரு அடி தள்ளிப் புதிதாகப் போட்டார்.